அம்பாசிடரின் இரண்டாம் ஆயுள்

அம்பாசிடர் கார் 1957இல் மேற்கு வங்கத்தின் உத்தர்பாரா ஆலையில் தயாராகத் தொடங்கியது. 2014 மே மாதம் அதே ஆலையில் உற்பத்தி நின்றது. இடைப்பட்ட 57 ஆண்டுகளில் முகப்பு வலை மாறியது, விளக்குகள் மாறின, டாஷ்போர்டு மாறியது. ஆனால் கூரையின் வளைவும் கதவுகளும் அடித்தளமும் ஏறக்குறைய முதலில் இருந்தபடியே இருந்தன. புதுமை வராத கார் என்று அந்த நாளில் இதைக் குறை சொன்னார்கள். இன்று பழைய அம்பாசிடரை வீட்டுக் கொட்டகையில் நிறுத்திப் பிரித்து, துருவை வெட்டி, ஏசியும் பவர் ஸ்டியரிங்கும் சேர்த்து ஓட்டுகிறவர்களுக்கு அந்த மாறாத உருவமே பெரிய உதவி. 1960களில் வந்த காருக்கு வேண்டிய ஒரு பாகத்தை 1990களின் காரிலிருந்து எடுத்துச் சிறு வேலையோடு பொருத்திவிட முடிகிறது. உலகில் மிகச் சில கார்களுக்கே இப்படியொரு வாய்ப்பு உண்டு.

காரின் வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. 1942இல் பி.எம். பிர்லா தொடங்கிய இந்துஸ்தான் மோட்டார்ஸ், முதலில் குஜராத்தின் ஓகா துறைமுகத்தில் மோரிஸ் கார்களின் பாகங்களை இறக்கிப் பூட்டி விற்றது. 1948இல் தொழில் கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவுக்கு நகர்ந்தது. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு இரண்டாம் வரிசை 1954இல் லேண்ட்மாஸ்டர் என்ற பெயரில் வந்தது. அதே காரின் மூன்றாம் வரிசைதான் அம்பாசிடர். இங்கிலாந்தில் அந்த மூன்றாம் வரிசை 1956 முதல் 1959 வரை மட்டுமே தயாரானது. அங்கே மூன்றே ஆண்டில் முடிந்த ஒரு வடிவம் இங்கே அரை நூற்றாண்டைத் தாண்டி ஓடியது.

அக்காலத்துக்கு அது தேர்ந்த வடிவமைப்பு. தனிச் சேசிஸ் இல்லாமல் பாடியே சுமையைத் தாங்கும் கட்டு, முன்பக்கம் முறுக்குக் கம்பி சஸ்பென்ஷன், பின்பக்கம் பட்டை ஸ்பிரிங், ரேக் அண்ட் பினியன் ஸ்டியரிங், நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். கியர்க் கம்பு ஸ்டியரிங் தண்டிலேயே இருந்ததால் முன்னால் நீள இருக்கை போட்டு மூன்று பேர் உட்கார முடிந்தது. எஞ்சின் முதலில் 1476 சி.சி. பக்கவாட்டு வால்வு வகை. சில ஆண்டுகளில் அதன் இடத்துக்கு பி.எம்.சி. நிறுவனத்தின் பி-வரிசை 1489 சி.சி. எஞ்சின் வந்தது. அதே குடும்ப எஞ்சின்கள்தாம் எம்.ஜி. ஸ்போர்ட்ஸ் கார்களிலும் ஓடின. வசதி என்று பார்த்தால் பிரிட்டிஷ் குளிருக்கு ஏற்ற காரில் ஹீட்டர்தான் கூடுதல் பொருள். வெயில் நாட்டில் அதற்கு வேலையில்லை. முன் கதவில் திருகித் திறக்கும் முக்கோணக் கண்ணாடி ஒன்றே இங்கே காற்றைத் திருப்பி முகத்தில் அடிக்கச் செய்தது. மற்றதெல்லாம் வாங்கியவர் சேர்த்துக்கொண்டவை: டாஷ்போர்டில் திருகிய சிறு மின்விசிறி, பின் ஜன்னலுக்குத் திரை, பின் இருக்கையில் விரித்த வெள்ளைத் துண்டு. அம்பாசிடருக்குள் வசதி சேர்க்கும் வழக்கம் இவற்றிலிருந்தே தொடங்குகிறது.

உருவம் அப்படியே நின்றதற்கு அரசின் தொழில் கொள்கை முக்கியக் காரணம். ஜெனரல் மோட்டார்ஸ் 1928 முதல் பம்பாயிலும், ஃபோர்டு சென்னை உள்ளிட்ட துறைமுக நகரங்களிலும் கார்களைப் பூட்டி விற்றுவந்தன. 1953இல் சுங்கத் தீர்வைக் குழுவின் பரிந்துரைப்படி, உள்நாட்டிலேயே பாகங்களைத் தயாரிக்கும் திட்டம் இல்லாதவர்களுக்கு இங்கே இடமில்லை என்றாகிவிட்டது. அந்த இரு நிறுவனங்களும் வெளியேறின. பயணிகள் கார் துறையில் பெரிதாக மிஞ்சியவை உத்தர்பாராவின் இந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாய் குர்லாவில் ஃபியட் 1100ஐத் தயாரித்த பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆகிய மூன்றே. இறக்குமதி ஏறக்குறைய மூடப்பட்டது. புதிய கார் வாங்கப் பெயர் பதிந்தவர் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார். அப்படிக் கிடைத்த காரை ஐந்தாண்டில் மாற்றும் எண்ணம் யாருக்கும் வரவில்லை. இருபது, முப்பது ஆண்டுகள் அதை ஓட்ட வேண்டியிருந்தது. ஓட்டும் வரைக்கும் பழுது பார்க்க வேண்டியிருந்தது.

சென்னைக்கு இதில் தனிப் பங்கு உண்டு. பின்னாளில் அசோக் லேலண்டு ஆன அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டித்தான் தன் பயணத்தைத் தொடங்கியது. ஸ்டாண்டர்டு நிறுவனம் வண்டலூர்ப் பக்கத்து ஆலையில் வேன்கார்டு, ஹெரால்டு, கெசல் ஆகியவற்றைத் தயாரித்தது. இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவானி மிக்கெலாட்டி வரைந்த ஹெரால்டில் தனிச் சேசிஸ் உண்டு. பாடி அதன் மேல் போல்ட் போட்டுப் பூட்டப்பட்டது. முன் பானெட்டும் மட்கார்டும் சேர்ந்தாற்போல் முன்னோக்கிச் சாய்ந்து திறக்கும். பிரித்து வேலை செய்ய ஹெரால்டைவிட எளிய கார் இந்தியாவில் வந்ததில்லை. ஆனால் அந்த ஆலை 1980களின் இறுதியில் நின்றுபோனது. அதன் பாகங்கள் இன்று அரிது. பிரிக்கக் கொஞ்சம் கடினமான அம்பாசிடருக்கோ பாகம் தேடி அலைய வேண்டியதில்லை.

அந்தப் பாகங்களில் பல தமிழ்நாட்டிலிருந்தே போயின. 1949இல் தொடங்கிய இந்தியா பிஸ்டன்ஸ், 1960களின் தொடக்கத்தில் சென்னையின் பாடிப் பகுதியில் எழுந்த வீல்ஸ் இந்தியா, லூகாஸ்-டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா, ஸ்டியரிங் பாகங்களுக்கு ரானே என்று ஒரு தொழில் வரிசையே சென்னையைச் சுற்றி வளர்ந்தது. லூகாஸ்-டிவிஎஸ் இங்கிலாந்தின் லூகாஸ் நிறுவனத்தோடு கூட்டாகத் தொடங்கியது. பிரேக்ஸ் இந்தியா லூகாஸ் குழுமத்து கர்லிங் பிரேக்குகளின் நுட்பத்தைக் கொண்டுவந்தது. பிரிட்டிஷ் காருக்கு வேண்டிய பிரிட்டிஷ் பாகம் பாடியிலேயே வார்க்கப்பட்டதால், வெளிநாட்டில் இத்தகைய கார்களை வைத்திருப்போர் பெரும் விலை கொடுத்து வரவழைக்கும் சாமான் இங்கே தெருமுனைக் கடையில் கிடைத்தது.

காரை மாற்றியமைக்கும் துணிவு அதற்கும் முந்தியது. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குக் கடும் பங்கீடு வந்தபோது, கரியை எரித்து வாயு உண்டாக்கும் கலத்தை வண்டியில் பூட்டி ஓட்டினார்கள். மதுரையின் டி.வி.எஸ். அத்தகைய கலங்களைத் தயாரித்து விற்றது. 1973இல் உலக எண்ணெய் நெருக்கடி பெட்ரோல் விலையை ஏற்றியபின் அடுத்த அலை எழுந்தது. வாடகைக்கு ஓடிய அம்பாசிடர்களில் பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு, மாடடார் வேனில் வந்த டீசல் எஞ்சினை ஏற்றினார்கள். மவுன்டிங் கட்டையை வெட்டி ஒட்டுவதும், கியர்பாக்ஸுக்கு இடைத்தட்டு கடைவதும் லேத் பட்டறைகளின் அன்றாட வேலையாயின. இந்துஸ்தான் மோட்டார்ஸே 1980இல் 1489 சி.சி. டீசல் எஞ்சினோடு அம்பாசிடரை விற்றது. இந்தியாவில் வந்த முதல் டீசல் கார் அதுதான். பட்டறைகள் கண்ட தேவையைக் கம்பெனி பிறகே பின்தொடர்ந்தது என்று சொன்னால் மிகையில்லை.

இந்தப் பட்டறைத் தொழிலுக்குச் சென்னையில் இரண்டு இடங்கள் தலைமை தாங்கின. எழும்பூரை அடுத்து, கூவம் கரையோரம் இருக்கும் புதுப்பேட்டையில் ஓடி முடிந்த வண்டிகளைப் பிரித்து எஞ்சின் தனி, கியர்பாக்ஸ் தனி, கதவு தனி என்று அடுக்கி விற்கிறார்கள். அண்ணா சாலையிலிருந்து பிரியும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில், அதாவது ஜி.பி. ரோட்டில், இருக்கை உறை, தரை மேட், ஸ்பீக்கர், விளக்கு போன்ற அலங்காரச் சாமான்கள் கிடைக்கும். ஒரு அம்பாசிடரின் உயிர் புதுப்பேட்டையில், உடை ஜி.பி. ரோட்டில் என்று பிரிந்து கிடந்தது. டிங்கர், பெயின்டர், எலக்ட்ரீஷியன், லேத் ஆள் என்று தனித்தனிக் கைகள். எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் செய்யும் பெரிய கம்பெனிப் பட்டறை அப்போது பலருக்கு எட்டாதது. காரை வீட்டு வாசலில் நிறுத்தி, இந்தக் கைகளை ஒவ்வொன்றாக வரவழைத்து வேலை வாங்கும் பழக்கம் அப்படித்தான் உருவானது. இன்று வீட்டில் நடக்கும் மறுசீரமைப்பு பெரும்பாலும் அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சியே. உரிமையாளர் தானே கையில் கருவி எடுப்பது மட்டும் புதிது.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. லேசான ஸ்டியரிங், சத்தம் குறைந்த எஞ்சின், கைக்கு அடக்கமான கியர் என்று கார் பற்றிய எதிர்பார்ப்பே மாறியது. ஏசி என்பது அமைச்சருக்கும் ஆலை முதலாளிக்கும் மட்டுமானது என்ற நிலை அடுத்த பத்தாண்டில் கரைந்தது. அம்பாசிடரும் தன் பங்குக்கு ஓடிப் பார்த்தது. 1990இல் நோவா என்ற மாடல் வந்தது. 1990களின் தொடக்கத்தில் ஜப்பானின் இசுசு நிறுவனத்து 1.8 லிட்டர் பெட்ரோல் எஞ்சினும் ஐந்து கியர் பெட்டியும் வந்தன. கியர்க் கம்பு ஸ்டியரிங் தண்டை விட்டுத் தரைக்கு இறங்கியது. தனித்தனி முன் இருக்கைகள் வந்தன. பிற்கால இசுசு மாடல்களில் பவர் ஸ்டியரிங்கும் ஏசியும் ஆலையிலிருந்தே கிடைத்தன. விற்பனையில் இவை காரைக் காப்பாற்றவில்லை. பழைய கார் வைத்திருப்போருக்கு மட்டும் பெரும் கொடை ஆயின. அதே உடலுக்கென்று கம்பெனியே பொருத்திப் பார்த்த நவீனப் பாகங்கள் கழிவு வண்டிகளில் ஏராளமாகக் கிடைக்கத் தொடங்கின.

பழைய கார்களைப் போற்றும் கூட்டம் அதற்கு முன்பே இந்தியாவில் இருந்தது. ஸ்டேட்ஸ்மன் நாளிதழ் 1964இல் டெல்லியில் பழங்கார் அணிவகுப்பைத் தொடங்கியது. ஆனால் அந்த மேடை ரோல்ஸ்ராய்ஸ், பென்ட்லி, பேக்கார்டு போன்ற சமஸ்தானக் கார்களுக்கானது. தெருவில் நாள்தோறும் ஓடிய அம்பாசிடருக்கு அங்கே மரியாதை இல்லை. வாடகைக் கம்பெனிகள் புதிய வண்டிகளுக்கு மாறி, அரசு அலுவலகங்களின் வாசலிலிருந்தும் வெள்ளை அம்பாசிடர்கள் மறைந்த பிறகே மக்கள் அதைத் திரும்பிப் பார்த்தார்கள். 2014இல் உற்பத்தி நின்றது. 2017இல் அம்பாசிடர் என்ற பெயரை பிரான்சின் பெஜோ குழுமம் 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது. தாத்தா ஓட்டிய கார், அப்பாவின் கல்யாணத்துக்கு வந்த கார் என்று குடும்ப நினைவோடு கொட்டகையில் நின்றவை அப்போது பிரிக்கப்பட்டன. இவற்றைக் காட்சிக்கு வைக்க யாரும் விரும்பவில்லை. குடும்பத்தோடு ஊருக்குப் போய்வர விரும்பினார்கள். சித்திரை வெயிலில் அதற்கு ஏசி வேண்டும், நெடுஞ்சாலை வேகத்துக்கு நல்ல பிரேக் வேண்டும். பழமையும் வசதியும் ஒரே காரில் சேர வேண்டிய தேவை இப்படித்தான் வந்தது.

வேலையில் முதலில் வருவது துரு. அம்பாசிடரின் தகடு கனமானதுதான். ஆனாலும் கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதி, மிதியடிக்கு அடியில் உள்ள தரை, டிக்கியின் அடித்தளம், சக்கர வளைவின் உள்மடிப்பு ஆகிய இடங்களில் மழைநீர் தங்கி அரிக்கும். தனிச் சேசிஸ் இல்லாத காரில் சில் என்பது வெறும் விளிம்பு இல்லை, முதுகெலும்பின் ஒரு பகுதி. அதை வெட்டுவதற்கு முன் கதவு வாயின் குறுக்கே இரும்புக் குழாயை வெல்டிங் செய்து முட்டுக்கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பாடி நூலளவு தொய்யும். புதுத் தகடு போட்டு முடித்தபின் கதவு சாத்த வராது. அவசரப்பட்ட பல வீட்டு முயற்சிகள் இந்த இடத்தில்தான் சிக்கி நின்றன. துருவின் மேல் பட்டி பார்த்துப் பெயின்ட் அடிப்பது இன்னொரு பழைய தவறு. இரண்டு மழைக்காலத்தில் அது கொப்புளமாக எழும்.

எஞ்சினுக்கு இன்றைய எரிபொருளோடு ஒத்துப்போகும் ஏற்பாடு வேண்டும். பி-வரிசை எஞ்சின், ஈயம் கலந்த பெட்ரோல் விற்ற காலத்தது. ஈயம் வால்வு இருக்கையின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து அதைத் தேயாமல் காத்தது. 2000 பிப்ரவரி முதல் நாடு முழுதும் ஈயமற்ற பெட்ரோல் வந்ததும் வார்ப்பிரும்பு ஹெட்டில் உள்ள வால்வு இருக்கைகள் மெல்லத் தேயத் தொடங்கின. ஹெட்டை இறக்கும்போதே லேத்தில் கொடுத்து, உறுதியான எஃகு வளையங்களை இருக்கையாகப் பதித்துவிடுவது நல்லது. இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறது. பழைய ரப்பர்க் குழாய், பம்பின் டயஃப்ரம், கார்ப்பரேட்டர் வாஷர் ஆகியவற்றை அது ஊறவைத்துக் கெடுக்கும். எத்தனாலைத் தாங்கும் குழாய்களாக முழுவதையும் மாற்றுவதற்கு ஆகும் செலவு சிறிது. மாற்றாமல் விட்டால் சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் கசியும்.

ஏசி பொருத்துவதற்கு முன் மின்சாரக் கணக்கைப் பார்க்க வேண்டும். அக்காலத்து லூகாஸ் டைனமோ அதிகபட்சம் சுமார் 22 ஆம்பியர் தரும். அதுவும் எஞ்சின் வேகமாகச் சுழன்றால்தான். இரண்டு முன் விளக்குகளே 8 ஆம்பியரைத் தாண்டும். ஏசியின் புளோயர், கம்ப்ரஸர் கிளட்ச், மின்சார ரேடியேட்டர் விசிறி மூன்றையும் சேர்த்தால் 20 ஆம்பியருக்கு மேல் ஆகிவிடும். இரவு நேர நெரிசலில் கார் நின்று நின்று போனால் பேட்டரி இறங்கிவிடும். ஆகவே டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் போடுவதுதான் முதல் படி. அது எஞ்சின் மெதுவாகச் சுழலும்போதும் போதுமான மின்சாரம் தரும். பழைய பிரிட்டிஷ் வடிவமைப்பில் பேட்டரியின் நேர்முனையைப் பாடியோடு இணைக்கும் வழக்கம் இருந்தது. கையில் உள்ள கார் அப்படிப்பட்டதா என்று பார்த்து, முனையை மாற்றிய பிறகே ஆல்டர்னேட்டரைப் பூட்ட வேண்டும். தவறினால் அதன் டயோடுகள் நொடியில் எரிந்துவிடும். துணி சுற்றிய பழைய வயர்களை ஒட்டுப் போடாமல் முழு வயரிங்கையும் புதிதாக இழுத்து, விளக்குக்கும் புளோயருக்கும் தனித்தனி ரிலேயும் ஃபியூஸும் வைப்பது தீ விபத்தைத் தடுக்கும்.

உலகில் கார் ஏசியின் வரலாறு அமெரிக்காவின் பேக்கார்டு கம்பெனி 1940 மாடலில் அதை விற்றதிலிருந்து தொடங்குகிறது. அப்போது குளிரூட்டும் பெட்டி டிக்கியின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டது. இந்தியாவில் பழைய அம்பாசிடர்களிலும் ஃபியட்டுகளிலும் டாஷ்போர்டுக்கு அடியில் தொங்கும் பெட்டியாக ஏசி வந்தது. கம்ப்ரஸர் கனமானது. ஆர்-12 வாயு அதில் ஓடியது. ஓசோன் படலத்தைக் கெடுக்கும் அந்த வாயு 1987இன் மான்ட்ரியல் உடன்படிக்கைக்குப் பின் உலகெங்கும் விலக்கப்பட்டது. இப்போதைய பழுதுபார்ப்பில் ஆர்-134ஏ வாயுவும் அதற்குரிய எண்ணெயும் புதிய குழாய்களும் சேர்ந்தே வர வேண்டும். பழைய எண்ணெய் மிஞ்சிய குழாயில் புது வாயுவை அடைத்தால் கம்ப்ரஸர் சீக்கிரமே இறுகிவிடும்.

அம்பாசிடரின் பானெட்டுக்கு அடியில் இடத்துக்குப் பஞ்சமில்லை. சிறிய நவீன கம்ப்ரஸரை எஞ்சின் பக்கவாட்டில் நிறுத்த லேத்தில் ஒரு பிராக்கெட் கடைய வேண்டும். அதன் புல்லி, எஞ்சின் புல்லியோடு ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். சில மில்லிமீட்டர் விலகினாலும் பெல்ட் ஓரம் கிழியும். ஏறத்தாழ 50 குதிரைத்திறன் உள்ள எஞ்சினிலிருந்து கம்ப்ரஸர் சில குதிரைத்திறனைத் தின்னும் என்பதால், மேட்டில் ஏறும்போது அதை அணைத்துவிடும் சுவிட்ச் உதவும். கன்டென்ஸர் ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும். அதன் வழியாகச் சூடாகி வரும் காற்றே எஞ்சினையும் குளிர்விக்க வேண்டியிருப்பதால், ரேடியேட்டருக்குக் கூடுதல் வரிசை குழாயும் மின்விசிறியும் அதைச் சுற்றிய உறையும் வைத்தாக வேண்டும். இதைச் செய்யாத அம்பாசிடர்கள் கோடையில் சாலையோரம் பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்கும்.

குளிர் காருக்குள் நிற்பதற்கு எஞ்சினுக்கும் உள்ளறைக்கும் இடையிலுள்ள தகட்டுச் சுவரான ஃபயர்வாலின் துளைகளை அடைக்க வேண்டும். தரையிலும் கூரையிலும் வெப்பத் தடுப்பு ஒட்ட வேண்டும். அந்நாளில் இங்கே சணல் ஃபெல்ட் இருந்தது. அது ஈரத்தை உறிஞ்சித் தரையைத் துருப்பிடிக்க வைத்தது. இன்று பியூட்டைல் தாள் ஒட்டி, அதன் மேல் நீர் ஊறாத நுரைத்தாள் போடுகிறார்கள். சத்தமும் சேர்ந்தே குறைகிறது. கதவு ரப்பர் பீடிங் மாற்றப்பட வேண்டும். சிறிய விஷயமாகத் தெரியும் இன்னொன்று: குளிர்க் கம்பிச்சுருளில் சேரும் நீர் வடியும் குழாயைத் தரைக்கு வெளியே கொண்டுபோய் விட வேண்டும். அதைத் தரை விரிப்புக்கு அடியில் விட்டுவிட்டால், சில மாதங்களுக்கு முன் வெல்டிங் செய்த அதே தரை மீண்டும் துருவாகும்.

பிரேக்கில் டிஸ்க் மாற்றுவதையே எல்லோரும் முதலில் பேசுகிறார்கள். அதற்கும் முன்னால் மாஸ்டர் சிலிண்டரைக் கவனிக்க வேண்டும். பழைய அமைப்பில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே எண்ணெய்ப் பாதை. ஒரு சக்கரத்தின் சிலிண்டர் ஒழுகினால் பிரேக் முழுதும் போய்விடும். முன்னுக்கும் பின்னுக்கும் தனிப் பாதை உள்ள இரட்டை மாஸ்டர் சிலிண்டர்தான் உயிரைக் காக்கும் மாற்றம். அதனோடு வேக்கம் பூஸ்டர் சேர்த்தால் மிதிப்பது எளிதாகும். டிஸ்க் அதற்குப் பின் வரலாம். ஏசிக்குப் பணம் ஒதுக்கிவிட்டுப் பிரேக்கைப் பழையபடி விடுவது தவறான வரிசை. சீட் பெல்ட்டும் அப்படியே. பழைய கார்களில் அது கிடையாது. வெறும் தகட்டில் துளை போட்டு மாட்டினால் மோதலில் பிய்த்துக்கொண்டு வரும். தகட்டுக்குப் பின்னால் தடித்த இரும்புத் தகடு வெல்டிங் செய்து, அதில் போல்ட் முடுக்க வேண்டும்.

ஸ்டியரிங் கனப்பதற்குப் பெரும்பாலும் டயர்தான் காரணம். இந்தக் கார் 15 அங்குலச் சக்கரத்தில் ஒடுக்கமான 5.90 குறுக்கிழை டயருக்காக வடிவமைக்கப்பட்டது. அழகுக்காக அகல ரேடியல் டயர் மாட்டியவர்கள் பிறகு பவர் ஸ்டியரிங் தேடுகிறார்கள். ஒடுக்கமான ரேடியல் டயரும் சரியாகக் கிரீஸ் அடித்த மூட்டுகளும் இருந்தால் அந்தத் தேவையே பலருக்கு வராது. வேண்டுமென்றால் பிற்கால அம்பாசிடரின் எண்ணெய் அழுத்தப் பவர் ஸ்டியரிங் பொருந்தும். புதிய சிறு கார்களில் வரும் மின்சார வகையைத் தண்டில் இணைப்பவர்களும் உண்டு. உள்ளறையில் நீள இருக்கையின் பழைய இரும்புச் சட்டத்தை வைத்துக்கொண்டு புது நுரை போட்டுத் தைத்தால், முதுகுக்கும் வசதி, தோற்றமும் கெடாது. வேறு காரின் தனி இருக்கைகளைக் கொண்டுவந்து திருகும்போது அம்பாசிடரின் உள்ளறை தன் முகத்தை இழந்துவிடுகிறது.

எதுவரை மாற்றலாம் என்ற கேள்விக்கு உலகப் பழங்கார் சங்கமான ஃபிவா 2013இல் ஏற்ற டுரின் சாசனம் ஒரு வழி காட்டுகிறது. இருப்பதைக் காப்பதே முதன்மை. மாற்றம் தேவையானால் அது திரும்ப எடுக்கத்தக்கதாகவும் பதிவு செய்யப்பட்டதாகவும் இருக்க வேண்டும். ஆல்டர்னேட்டர், பிராக்கெட்டில் நின்ற கம்ப்ரஸர், இரட்டை மாஸ்டர் சிலிண்டர் ஆகியவை போல்டைக் கழற்றினால் வெளியே வந்துவிடும். அறுத்த ஃபயர்வால், வெட்டி அகலப்படுத்திய சக்கர வளைவு, மாற்றிய எஞ்சின் ஆகியவை அப்படி வருவதில்லை.

இந்தியச் சட்டமும் ஏறக்குறைய அதே கோட்டில் நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் வகுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொன்னது. எஞ்சினை மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலக அனுமதியும் ஆர்.சி.யில் பதிவும் வேண்டும். 15 ஆண்டு தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. 2021 ஜூலையில் வந்த மத்திய அரசு விதி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த சொந்த வண்டிகளுக்குப் பழங்கார் என்ற தனித் தகுதியும் ‘விஏ’ எழுத்துள்ள எண்ணும் தருகிறது. புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும், புதுப்பிக்க 5,000 ரூபாய். ஆனால் அந்த எண் பெற்ற காரை அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, அணிவகுப்பு, பராமரிப்பு போன்றவற்றுக்கே சாலையில் எடுக்கலாம். சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பதும் அந்த விதியின் நிபந்தனை.

1960களின் அம்பாசிடர்கள் எல்லாம் அந்த வயதைக் கடந்துவிட்டன. அவற்றில் இசுசு எஞ்சின் ஏற்றியவை தகுதிக்கு வெளியே நிற்கின்றன. ஆகவே வசதிக்காக எதைக் கழற்றினாலும், குறிப்பாக எண் பொறித்த பழைய எஞ்சினை, காயலான் கடைக்குப் போடாமல் எண்ணெய் பூசிச் சாக்கில் சுற்றி, ஆர்.சி. புத்தகத்தோடு சேர்த்துப் பத்திரமாக வைத்திருங்கள்.